போதும் என்று யார் சொல்வது?

தருமபுரியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் கோயில், குளம் என்று புறப்படுவார் என உறவினர்கள் எதிர்பார்த்தார்கள். அவரோ வீட்டின் பின்கட்டில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு மண் பிசைய ஆரம்பித்துவிட்டார். யாரோ பயன்படுத்திக் கைவிட்ட மின்சூளை ஒன்றையும் விலைக்கு வாங்கி வைத்தார். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று நான் கேட்டபோது, "பையன்களுக்கு முப்பது வருஷம் பானை வரையச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பானையாவது செய்து பார்க்க வேண்டாமா?" என்றார்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருநாள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "சூளை என்னை ஏமாற்றிவிட்டது. வந்து பாருங்கள்" என்றார். துக்கச் செய்தி சொல்கிறவரின் குரல் போலிருந்தது. நாவல் எழுதுகிறவனைச் சூளை பழுது பார்க்கக் கூப்பிடுவானேன் என்று எனக்குள் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். திரும்பும்போது அந்தச் சிரிப்பு என்னிடம் இல்லை.

சூளையைத் திறந்து காட்டினார். இருபதுக்கு மேற்பட்ட குவளைகளும் ஜாடிகளும் அகல்களும் அடுக்கியிருந்தாராம். நான் பார்த்தபோது குவளைகள் வெயிலில் வைத்த வெல்லம் போல இளகி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அடுக்குப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஜாடிகளின் உடம்பெல்லாம் கொப்புளம். செங்காவி நிறத்தில் வர வேண்டிய மண் கருநிறமாகிப் பளபளத்தது. பக்கத்தில் நின்ற நண்பரின் மனைவி, "பளபளப்பு மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"எத்தனை டிகிரிக்கு வைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"1040. கருவியில் 1040 என்ற எண் வந்ததும் சூளை தானாகவே அணைந்துவிட்டது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்முன்னே எல்லாம் சரியாக நடந்தது" என்றார்.

எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் எல்லாம் கெட்டுப்போயிற்று. இது எப்படி?

வாசகர்களில் பலர் மின்சூளையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சுட்டாலும் உருகாத செங்கல்லால் கட்டிய ஒரு பெட்டி. உட்சுவரில் கம்பிச் சுருள்கள். மின்சாரம் பாய்ந்தால் சுருள்கள் கனன்று உள்ளே ஆயிரம் டிகிரிக்கும் மேலான வெப்பம் உண்டாகும். சாதாரணச் செம்மண்ணுக்கு ஆயிரத்தை ஒட்டிய சூடு போதும். அந்த மண்ணில் இரும்புச் சத்து அதிகம். அதுதான் அதற்குச் சிவப்பைத் தருவது. சூடு மிஞ்சினால் மண்ணை இளகச் செய்வதும் அதுவே. 1150-ஐத் தாண்டினால் பல செம்மண் வகைகள் தாங்குவதில்லை.

தருமபுரிக்கு நெருப்பு புதிதல்ல. பழைய தகடூர் நாடு அது, அதியமானின் சீமை. மோதூரில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, இரும்புக் காலத்து மக்கள் சுட்ட பானைகளின் ஓடுகள் கிடைத்தன. 2004 வரை இதே மாவட்டத்தில் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், மயிலாடும்பாறை என்ற ஊரில், இரும்பு கி.மு. 2172-லேயே புழங்கியதாக 2022-இல் அறிவித்தார்கள். எத்தனையோ தலைமுறைகளாக நெருப்பை அளந்தவர்கள் வாழ்ந்த மண். அவர்களிடம் எண் காட்டும் கருவி இல்லை. புகையைப் பார்த்தார்கள், தணலின் நிறத்தைப் பார்த்தார்கள். புறநானூற்றில் ஐயூர் முடவனார் குயவரை விளித்துப் பாடிய பாட்டில், வானத்தில் பரவும் சூளைப் புகை வருகிறது. என் நண்பரின் சூளைக்குப் புகை கிடையாது. ஓர் எண் மட்டுமே உண்டு.

மறுநாள் சேலத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மின்சார அடுப்புகளைப் பழுது பார்க்கிறவர். முதலில் அவர் சந்தேகப்பட்டது ரிலே என்ற உறுப்பை. மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் கொடுப்பது அது. அதன் முனைகள் சூட்டில் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டால், கருவி 'நிறுத்து' என்று கட்டளையிட்டாலும் மின்சாரம் நிற்காது. சூளை எரிந்துகொண்டே இருக்கும். இங்கே அப்படி இல்லை. நிறுத்தச் சொன்னதும் நின்றது.

"இதுக்கு முன்னாடி சுட்ட பானை ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

நண்பர் ஒவ்வொரு தடவை சுட்டதிலிருந்தும் ஒரு குவளையை எடுத்து அலமாரியில் வைத்திருந்தார். அடியில் மாதமும் கீறியிருந்தார். அவற்றை வரிசையாகத் திண்ணையில் வைத்தோம். ஆவணியில் சுட்டது நல்ல சிவப்பு. ஐப்பசியில் சுட்டது சற்றுக் கறுத்த சிவப்பு. கார்த்திகைக் குவளை பழுப்பு நிறம், தொட்டால் வழவழப்பு. மார்கழிக் குவளையின் வாய் லேசாகக் கோணியிருந்தது. தையில்தான் எல்லாம் இளகிவிட்டது.

ஐந்து மாதமாகக் குவளைகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவர் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைஞர் சூளையின் சுவரிலிருந்து ஒரு கம்பியை உருவி எடுத்தார். அதற்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்துப் பற்றவைத்தது. முனை சூடாகும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். அதைத்தான் கருவி டிகிரியாக மாற்றி எண்ணில் காட்டுகிறது. அந்தக் கம்பி இருப்பது நெருப்புக்குள்ளே. ஒவ்வொரு தடவையும் பானையோடு சேர்ந்து அதுவும் வேகிறது. வெந்து வெந்து அதன் உலோகம் மாறிப்போகிறது. மாறிய கம்பி பெரும்பாலும் உள்ள சூட்டைக் குறைத்தே சொல்லும். இது முதல் பிழை.

கம்பியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது நழுவிப் பின்வாங்கிச் சுவருக்குள் ஒளிந்திருந்தது. செங்கல்லின் மறைவில் இருந்துகொண்டு சூளையின் சூட்டை அது எப்படி அறியும்? இது இரண்டாவது. முன்பு யாரோ பழுது பார்த்தபோது, அந்தக் கம்பியிலிருந்து கருவி வரை அதற்கென்று உள்ள தனி வகை ஒயரைப் போடாமல், சாதாரணச் செம்புக் கம்பியை இணைத்திருந்தார். சுவரின் வெளிப்பக்கம் எவ்வளவு சூடோ, அந்த அளவுக்குக் கணக்கில் குறையும். இது மூன்றாவது.

நான் வியப்போடு கேட்டேன்: "தம்பி, மூன்று பிழையும் குறைவாகவே காட்டுகிறதே; ஒன்றாவது கூடுதலாகக் காட்டியிருக்கக் கூடாதா?"

அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "கூடுதலாக் காட்டினா பானை வேகாம வரும் சார். உடனே தெரிஞ்சுபோயிரும், மாத்திருவீங்க. குறைச்சுக் காட்டினா முதல்ல பானை நல்லாத்தான் வரும். இன்னும் கெட்டியா, இன்னும் பளபளப்பா. யாருக்குச் சந்தேகம் வரும்?"

இதைக் கேட்டபோது என் நெஞ்சில் ஏதோ தைத்தது. ஏன் தைத்தது என்று சொல்வதற்கு என் வீட்டுக்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே மகன். அவனை நான் ஒருநாளும் அடித்ததில்லை. கடிந்து பேசியதும் அபூர்வம். இதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வோர் இரவும் சாப்பிட உட்காரும்போது ஒரு கேள்வி கேட்பேன். "இன்றைக்கு எவ்வளவு முடித்தாய்?" ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தேன்; பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை ஓர் இரவும் விட்டதில்லை. அவன் எழுபது வாங்கினால் எண்பதைப் பற்றிப் பேசுவேன். எண்பது வாங்கினால் தொண்ணூறைப் பற்றி. அவன் மதிப்பெண்கள் ஏறின. அதோடு அவனுடைய பேச்சும் குறைந்தது. சிறு வயதில் வாய் ஓயாமல் பேசின பிள்ளை. தெருவில் பார்த்த நாய்க்குட்டி முதல் கனவில் வந்த பூதம் வரை என்னிடம் சொல்லுவான். எப்போது அது நின்றது என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பையன் ஆனான். நான் அதைப் பக்குவம் என்று எண்ணினேன்.

"ஏங்க, பிள்ளை முன்னே மாதிரி இல்லையே" என்று என் மனைவி இரண்டொரு தடவை சொன்னாள். "வயசு வருகிறது அல்லவா?" என்றேன். அவளுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று மனத்துக்குள் ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

மகன் கெட்டுப்போகவில்லை. நல்ல படிப்பு, நல்ல வேலை, தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் குடும்பம். பார்ப்பவர்கள் எல்லாரும் என்னை வாழ்த்துகிறார்கள். ஞாயிறுதோறும் தவறாமல் தொலைபேசியில் பேசுகிறான். "நலமா, அப்பா? மருந்து சாப்பிட்டீர்களா? பணம் வேண்டுமா?" மேலதிகாரிக்கு அறிக்கை தருவது போல மூன்று கேள்வி, மூன்று பதில். நண்பரின் மனைவி சொன்னாரே, பளபளப்பு மட்டும் நன்றாயிருக்கிறது என்று; அந்தச் சொல் என்னைச் சுட்டது இதனால்தான்.

நான் கொடுமைக்காரத் தகப்பன் அல்ல. நான் பார்த்துக்கொண்டிருந்த முள் என்னை ஏமாற்றியது. என் மனத்துக்குள் ஒரு குரல், 'இன்னும் கொஞ்சம், இன்னும் போதாது' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை மனச்சாட்சி என்றே நம்பினேன். அந்தக் குரலும் பல காலமாக ஆசைக்குள்ளும் அச்சத்துக்குள்ளும் கிடந்து வெந்த குரல்தானே? என் தகப்பனார் என்னைக் காய்ச்சிய சூட்டில் பழகியது அது. உள்ளதைவிடக் குறைவாகவே அது காட்டும்.

மனச்சாட்சி சொன்னபடி நட என்று பெரியோர் சொல்கிறார்கள். நானும் என் கதைகளில் அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் மனச்சாட்சியும் தேயக்கூடிய கருவிதான் என்றால், தேய்ந்ததை அதனிடமே கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது? நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே.

பானை செய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பெரிய குயவர், 1782-இல் ஓர் உபாயத்தை வெளியிட்டார். சூளைக்குள் சிறு களிமண் துண்டுகளை வைத்து, அவை எவ்வளவு சுருங்கின என்று பித்தளைச் சட்டங்களுக்கு இடையே அளந்தார். அவர் சொன்ன டிகிரிக் கணக்கு மிகையானது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அடிப்படை எண்ணம் சரியானது: மண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதை மண்ணிடமே கேட்க வேண்டும். 1886-இல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் என்ற அறிஞர், குறித்த சூட்டில் இளகி வளையும்படி கலவை செய்து சிறு கூம்புகளை வார்த்தார். இன்றும் பானைக் கலைஞர்கள் சூளையில் மூன்று கூம்புகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். முதல் கூம்பு சாய்ந்தால் நேரம் நெருங்குகிறது. நடுக் கூம்பு சாய்ந்தால் போதும். மூன்றாவதும் சாய்ந்துவிட்டால் எல்லை மீறியாயிற்று. கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் கூம்பு சொல்வதுதான் முடிவு.

இந்தக் கூம்புக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அது சூட்டை மட்டும் அளப்பதில்லை. சூடு எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சேர்த்து அளக்கிறது. மெதுவாக, நெடுநேரம் காய்ச்சினால் அது சற்றுக் குறைந்த சூட்டிலேயே வளைந்துவிடும். மண்ணும் அப்படித்தான். இதை அந்த இளைஞர் விளக்கியபோது எனக்கு என் சாப்பாட்டு வேளைகள் நினைவுக்கு வந்தன. ஓர் அறை கொடுத்திருந்தால் அன்றே அழுது அன்றே மறந்திருப்பான். நான் குரல் உயர்த்தாமல், ஏழு ஆண்டு, இரவு தவறாமல், ஒரே கேள்வியைக் கேட்டேன். மென்மையாகத்தான் கேட்டேன். அடுப்பைத் தணித்து வைத்தாலும் இறக்காமலே விட்டால் பால் சுண்டத்தானே செய்யும்?

இங்கே ஒரு நண்பர் மறுத்துச் சொல்லலாம்: "சூடு இல்லாமல் பானை உண்டா? சுடாத பானையில் தண்ணீர் ஊற்றினால் சேறாகக் கரைந்துபோகும். கண்டிப்பு இல்லாமல் வளர்ந்த பிள்ளையும் அப்படித்தான்." உண்மை. பச்சை மண்ணாகவே வாழ்க்கைக்குள் அனுப்புவது அன்பு ஆகாது. சுட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

இன்னொரு நண்பர் வள்ளுவரையே துணைக்கு அழைக்கலாம். தீயில் காயக் காயப் பொன்னின் ஒளி மிகுவதுபோல, துன்பம் வருத்த வருத்த ஞானம் மிகும் என்ற கருத்து குறளில் இருக்கிறதே என்பார். நானும் அதை மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தவம் என்ற அதிகாரத்தில். தானே விரும்பி நெருப்பில் இறங்கியவனைப் பற்றிய பேச்சு அது. பிறரைப் பிடித்து நெருப்பில் வைக்கிறவனுக்கு வள்ளுவர் அங்கே சான்றிதழ் எதுவும் தரவில்லை. மேலும் அவர் சொன்னது பொன்னை. பொன் உருகினாலும் பொன்னாகவே இருக்கும், மறுபடி வார்த்துக்கொள்ளலாம். நம் வீட்டில் பிறப்பவை மண்பாண்டங்கள். ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒன்றின் எல்லை மற்றதற்கு ஆகாது. வெள்ளைக் களிமண் தாங்கும் சூட்டைத் தருமபுரிச் செம்மண் தாங்கவில்லை என்றால் அது செம்மண்ணின் குற்றமா?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வேகாத பானையை மறுபடியும் சூளையில் வைத்துச் சுடலாம். ஒரு விறகுச் செலவு, ஒருநாள் உழைப்பு, அவ்வளவுதான் நஷ்டம். அதிகமாக வெந்துவிட்டதைத் திரும்பப் பச்சை மண்ணாக்க இந்த உலகத்தில் வழி இல்லை. இரண்டு தவறுகளும் தவறுதான். ஆனால் ஒன்றுக்கு மறுவாய்ப்பு உண்டு, மற்றதற்கு இல்லை. ஐயம் வரும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் ஒரு நியாயம் வேண்டுமா?

அன்று மாலை ஒரு முதியவர் கொட்டகைக்கு வந்தார். பென்னாகரம் பக்கத்துக் குயவர். என் நண்பருக்கு மண் கொண்டுவந்து கொடுக்கிறவர். உருகிய குவளைகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கப்பா காலத்திலேயும் இப்படி ஆனது உண்டுங்க, வாத்தியாரய்யா" என்றார்.

"அவரிடம் கருவி ஏது? அவர் எப்படி ஏமாந்தார்?" என்று நான் கேட்டேன்.

"சூளை போடறவன் பொழுதுக்கும் நெருப்பையே பாத்துக்கிட்டிருப்பானுங்க. பாக்கப் பாக்கக் கண்ணுக்கு நெருப்பு பழகிரும். வெள்ளையா எரியறதுகூடச் சிவப்பாத் தெரியும். அதனாலே எங்கப்பா பொறவு ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டாரு. கடைசி நேரத்திலே, தூங்கிக்கிட்டிருக்கிற எங்கம்மாவை எழுப்பிக் கூட்டியாருவாரு. 'நீ பாத்துச் சொல்லு'ம்பாரு. அம்மா 'போதும்'னுட்டா அதுக்கு மேலே ஒரு சுள்ளி வெக்க மாட்டாரு."

வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. நெருப்பின் பக்கத்திலேயே நிற்கிறவனின் கண்ணை நம்பக் கூடாது. அவன் கெட்டவன் என்பதால் அல்ல. அக்கறையோடு நெடுநேரம் நின்றவன் என்பதால். அக்கறை மிகுந்தவனுக்குத்தான் இந்த ஆபத்து. அவனுக்கு வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். என் வீட்டில் அந்தக் கண் இருந்தது. "பிள்ளை முன்னே மாதிரி இல்லையே" என்று அது சொல்லவும் சொன்னது. அந்த முதியவரின் தகப்பனாருக்கு இருந்த பணிவு, புத்தகம் எழுதும் எனக்கு இல்லாமற்போயிற்று.

நண்பர் இப்போது புதிய கம்பி போட்டுவிட்டார். முனை உள்ளே நன்றாக நீண்டிருக்கிறது. உரிய ஒயரும் வந்துவிட்டது. அப்படியும் ஒவ்வொரு தடவையும் மூன்று கூம்புகளை வைக்கிறார். "புதுக் கருவிதானே, இன்னும் எதற்கு?" என்றேன். "இதுவும் ஒருநாள் பழசாகும். எந்த நாள் என்று அது எனக்குச் சொல்லாதே" என்றார்.

தருமபுரியிலிருந்து வந்த இரவே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "இதை என்னிடம் சொல்லி என்ன? அவனிடமல்லவா சொல்ல வேண்டும்?" என்றாள். இந்தத் தடவை நான் அவள் சொன்னதைக் கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் பேசியபோது, தட்டுத் தடுமாறிச் சொன்னேன். எதிர்ப்பக்கம் மௌனமாக இருந்தது. "சரி அப்பா, அதெல்லாம் பழசு" என்றான். அவன் மன்னித்தானா, பேச்சை முடித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. இளகிப்போனதை நிமிர்த்திவிட்டேன் என்று பொய் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் அவனுக்கு ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வாய் ஓயாமல் பேசுகிறவள். அடுத்த வாரம் அவன் பேசும்போது வழக்கமான மூன்று கேள்விகளும் முடிந்தபின் தொலைபேசியை வைக்கவில்லை. "பாப்பா பள்ளிக்கூடத்தில் ரொம்பப் பேசுகிறாளாம், அப்பா. டீச்சர் குறை சொல்கிறார்கள். கொஞ்சம் கண்டிக்கலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் அவன் யோசனை கேட்டான். உடனே பதில் சொல்ல நா எழுந்தது. அடக்கிக்கொண்டேன். தொலைபேசியை என் மனைவியிடம் கொடுத்து, "நீ சொல்லு" என்றேன்.